உழவுக்கு வந்த போர் வண்டி
(மாரிஸ் வில்க்ஸ் வாழ்க்கை வரலாறு)

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

ஆம்பூரை அடுத்து, பாலாற்றங்கரையில் உள்ள எங்கள் சிற்றூரில், எங்கள் வீட்டுப் புறக்கடை வேப்பமரத்தடியில் ஒரு ஜீப்பின் எலும்புக்கூடு கிடந்தது. கூரை இல்லை, இருக்கை இல்லை, முன் கண்ணாடி இல்லை. பின் சக்கரம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் உருளை ஒன்று துருப்பிடித்து நின்றது. தாத்தா அதை மிலிட்டரி வண்டி என்பார். ஊரார் தண்ணீர் வண்டி என்பார்கள். பள்ளித் தோழர்கள் வீட்டுக்கு வந்தால் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுவது என் வழக்கம். அவ்வளவு வெட்கம்.

சென்ற ஆண்டு என் கல்லூரிக் கட்டணத்திற்காக அப்பா பழைய இரும்பு வியாபாரி ஒருவரை அழைத்து வந்தார். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிலோ கணக்கில் விலை சொன்னார். தாத்தா திண்ணையைவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஒரு துருப்பிடித்த இரும்புக்கு இவ்வளவு துக்கமா என்று எனக்குக் கோபம் வந்தது. போருக்குச் செய்த வண்டியை வயலில் இறக்கலாம் என்ற எண்ணம் முதலில் யாருக்குத்தான் தோன்றியது என்று தேடப் புகுந்தேன். அப்படித் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. நம் ஆண்டு மலரில் காந்தியடிகள், விசுவேசுவரய்யா, ஜி.டி. நாயுடு முதலியோரின் வரலாறுகளை என் முன்னோர் எழுதிவிட்டனர். நான் எடுத்துக்கொண்டது மாரிஸ் வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் வரலாறு. பொறியியல் உலகில் பெரும்புகழ் பெற்றவர் அவர். நமக்கு அவர் பெயரைவிட அவர் படைத்த லேண்ட் ரோவர் வண்டியின் பெயரே பழக்கம்.

இளமை

மாரிஸ் ஃபெர்னாண்ட் கேரி வில்க்ஸ் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹெய்லிங் தீவில் பிறந்தார். மால்வெர்ன் கல்லூரியில் பயின்றார். 1926 முதல் 1928 வரை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். ஒரே மாதிரி வண்டியை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும் முறையை அவர் நேரில் கண்டது அங்கேதான். பின்னர் தாயகம் திரும்பி ஹில்மன் மோட்டார் நிறுவனத்தில் திட்டப் பொறியாளராக அமர்ந்தார்.

இவருக்குப் பதின்மூன்று வயது மூத்த அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ், ஹில்மன் நிறுவனரின் மகளை மணந்தவர். அவர் 1929இல் ரோவர் நிறுவனத்தின் பொது மேலாளராகச் சென்றார். அடுத்த ஆண்டே தம்பியும் அங்குத் தலைமைப் பொறியாளராகச் சேர்ந்தார். உறவுமுறையால் கிடைத்த வேலை என்று யாரேனும் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் அப்போது ரோவர் நட்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூழ்கும் படகில் இடம் கிடைத்ததற்கு யார் பொறாமைப்படப் போகிறார்கள்? அண்ணன் கணக்கையும் ஆட்களையும் கவனித்துக்கொண்டார்; தம்பி எஞ்சினையும் சட்டத்தையும் கவனித்துக்கொண்டார். மலிவாகப் பல வண்டி செய்வதைவிட்டு, அளவாக, தரமாகச் செய்வது என்று முடிவு கட்டினார்கள். பத்தாண்டுகளுக்குள் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் விரும்பி வாங்கும் காராக ரோவர் தலைநிமிர்ந்தது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கார் செய்வது நின்றது. 1940இல் பிரிட்டிஷ் அரசு, ஃபிராங்க் விட்டில் என்ற விமானப்படை அதிகாரி வகுத்த ஜெட் எஞ்சினைச் செய்து தரும் பணியை ரோவரிடம் ஒப்படைத்தது. மாரிஸ் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். இங்கே அவரது வாழ்வின் கசப்பான பகுதி வருகிறது. விட்டிலின் வரைபடங்களை ரோவர் பொறியாளர்கள் அவரது இசைவின்றியே மாற்றினார்கள். விட்டில் கொதித்தார். தொழிற்சாலையில் செய்வதற்கேற்ப எதையும் திருத்த வேண்டும் என்பது மாரிஸின் கட்சி. தம் கண்டுபிடிப்பில் பிறர் கைவைக்கக் கூடாது என்பது விட்டிலின் கட்சி. இருவரும் ஒத்துவரவேயில்லை.

முடிவில், கிளித்தெரோ என்னும் சிற்றூரின் விடுதி ஒன்றில் உணவருந்தியபடியே ஸ்பென்சர் வில்க்ஸும் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தின் ஹைவ்ஸும் ஒரு பண்டமாற்று செய்துகொண்டனர். ஜெட் எஞ்சின் ரோல்ஸ்ராய்ஸுக்குப் போயிற்று. அதற்கு ஈடாக மீட்டியர் என்ற டாங்கி எஞ்சின் ரோவருக்கு வந்தது. 1943இன் தொடக்கத்தில் கைமாறிய இந்த ஜெட் தொழில்தான் ரோல்ஸ்ராய்ஸைப் பின்னாளில் உலகப் பெரும் விமான எஞ்சின் நிறுவனமாக்கியது. மாரிஸுக்கு மிஞ்சியது டாங்கி எஞ்சின். அதுவும் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினைத் தரைக்கேற்ப மாற்றியது. ஒன்றுக்கென்று செய்த பொறியை இன்னொன்றுக்கு மாற்றும் வித்தை அப்போதே அவரது தொழிற்சாலையின் அன்றாட வேலையாகிவிட்டது.

கவென்ட்ரி நகரின் ரோவர் தொழிற்சாலை செர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்ததும் நிறுவனம் சொலிஹல் என்னும் இடத்தில் அரசு கட்டித் தந்த போர்க்காலத் தொழிற்சாலைக்குக் குடிபெயர்ந்தது. பரந்த இடம், பணியாளர்கள் பலர். ஆனால் செய்வதற்கு வேலை இல்லை. எஃகுக்குப் பங்கீடு. ஏற்றுமதி செய்பவர்க்கே எஃகு என்றது அரசு. ரோவரின் விலையுயர்ந்த கார்களுக்கு வெளிநாட்டில் அவ்வளவு கிராக்கி ஏது? அலுமினியத்தில் ஒரு சிறிய கார் செய்ய முயன்று அதையும் கைவிட்டார்கள்.

மணல் நிலத்துப் பண்ணை

வேல்ஸ் நாட்டின் வடமேற்கில் ஆங்கில்சி என்றொரு தீவு. அங்கே நியூபரோ என்ற ஊருக்கருகில் மாரிஸ் ஒரு பண்ணை வாங்கியிருந்தார். ஏறத்தாழ 250 ஏக்கர். பெயர்தான் பண்ணை, பெரும்பாலும் மணற்குன்றும் மரக்காடும். கடற்காற்றும் உப்பும் வேறு. சாதாரண வண்டி அந்த மணலில் அச்சு வரை புதையும். எனவே போர்க்கழிவாக விற்கப்பட்ட இராணுவ வண்டிகளை வாங்கினார். முதலில், பின்புறம் சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டை ஓடும் ஃபோர்டு டிரக் ஒன்று. அடுத்து ஓர் அமெரிக்க வில்லிஸ் ஜீப். மரம் இழுக்க, வேலிக்கால் நட, தீவனம் சுமக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். தம் கையாலேயே பழுது பார்ப்பார். ஒரு பெரிய கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர், ஓய்வு நாளில் ஒரு பழைய ஜீப்பின் அடியில் படுத்துக் கிடந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு என் தாத்தாவின் இளமைப் படம்தான் கண்முன் வருகிறது.

ஒருநாள் பண்ணைக்கு வந்த அண்ணன், இந்த ஜீப் தேய்ந்து போனால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். இன்னொன்று வாங்குவேன், வேறு என்ன இருக்கிறது என்று தம்பி சொன்னாராம். சொன்ன கணத்திலேயே இருவருக்கும் பொறி தட்டியது என்று கதையாகச் சொல்வார்கள். 1947 ஈஸ்டர் விடுமுறையில் கடற்கரை மணலில் குச்சியால் வண்டியின் வடிவத்தை வரைந்தார் என்றும் சொல்வதுண்டு. கதைக்குக் கைகால் முளைத்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டுக் கோடையில் சொலிஹல்லில் வேலை தொடங்கியது உண்மை.

இவ்விடத்தில் இன்னொருவரைக் குறிப்பிடாமல் போவது நன்றன்று. ஜீப்பின் அடிப்படை வரைபடத்தை 1940இல் சில நாட்களுக்குள் வரைந்து முடித்தவர் கார்ல் புரோப்ஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர். பாண்டம் என்ற சிறு நிறுவனத்துக்காக அவர் வரைந்தார். அரசு அந்த வடிவத்தைப் பெற்று, வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் பெரும் ஆணைகளைக் கொடுத்தது. பாண்டமுக்குக் கிடைத்தது சொற்பமே. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. பொறியியல் வரலாற்றில் வில்க்ஸின் பெயர் நிற்கும் அளவுக்குப் புரோப்ஸ்டின் பெயர் நிற்கவில்லை. வில்க்ஸ் பிறர் விதைத்ததை அறுத்தவர் என்று சொன்னால் அது முழுப்பொய் ஆகாது. விட்டிலிடம் நடந்ததும் இதுவே. ஆயினும் அறுத்ததை அடித்துத் தூற்றிக் களம் சேர்த்தவர் அவர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் வண்டி

கோர்டன் பாஷ்ஃபோர்டு என்ற இளம் பொறியாளரைப் போர்க்கழிவுக் கிடங்குக்கு அனுப்பி இரண்டு ஜீப்புகளை வாங்கி வரச் செய்தார் மாரிஸ். அவற்றைப் பிரித்து அளந்தார்கள். முதல் மாதிரி வண்டி ஜீப்பின் சட்டம், ஜீப்பின் அச்சுகள் ஆகியவற்றின் மேலேயே எழுந்தது. எஞ்சின் மட்டும் ரோவர் காருடையது. ஸ்டியரிங்கை நட்டநடுவில் வைத்தார்கள், டிராக்டரைப் போல! உழவன் இருபுறமும் திரும்பிச் சால் பார்க்கலாம். இடது, வலது என்று நாட்டுக்கு நாடு மாற்றவும் வேண்டாம். ஓட்டிப் பார்த்தபோது, ஓட்டுநர் கைகாட்டச் சாலையில் வழியில்லை, அருகில் ஆள் உட்கார இடமில்லை என்று தெரிந்தது. நடு ஸ்டியரிங்கைக் கைவிட்டார்கள்.

எஃகு கிடைக்காததால் உடலை பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அச்சுவார்ப்புக் கருவிகள் செய்யப் பணமில்லாததால் தகடுகள் எல்லாம் தட்டை. எளிய கருவிகளால் கையாலேயே மடித்தவை. சட்டத்துக்குப் பெரிய அழுத்தப் பொறி வேண்டாமென்று எஃகுப் பட்டைகளை நான்கு பக்கமும் வைத்துப் பற்றவைத்துப் பெட்டி போலாக்கினார்கள். வண்ணமோ, விமானங்களுக்கென்று வாங்கி மிஞ்சிப்போன பச்சை. வறுமை வகுத்த வடிவம் என்றே இதைச் சொல்லலாம். இரண்டு மூன்று ஆண்டு இதை விற்று ஓட்டுவோம், பிறகு கார் பக்கம் திரும்பலாம் என்பதே அவர்கள் கணக்கு.

1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. விலை 450 பவுன். அச்சுக்கு அச்சு 80 அங்குலம், ஜீப்பின் அதே அளவு. எஞ்சின் 1.6 லிட்டர், 50 குதிரைத்திறன்.

உந்து வண்டியும் உழவுப் பொறியும்

போர் வண்டியை வயல் வண்டியாக்குவது கொக்கியில் கலப்பையை மாட்டுவதோடு முடியும் வேலையன்று. நம் இயற்பியல் மாணவர்கள் இங்கே சற்றுப் பொறுமை காட்ட வேண்டுகிறேன். பிற துறைத் தோழர்கள் வேண்டுமானால் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

கலப்பை மணிக்கு இரண்டரை, மூன்று மைல் வேகத்தில் போனால்தான் சால் ஒழுங்காக விழும். ஜீப்போ ஓடுவதற்குப் பிறந்தது. அதன் மிகத் தாழ்ந்த கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மைல் வேகத்தில் போய்விடும். வேகத்தைக் குறைக்க எஞ்சினை மெதுவாக ஓட்டினால் இழுவை போதாது. இரண்டாவது, எடை. டிராக்டரின் எடை பெரும்பாலும் பெரிய பின்சக்கரங்கள் மேல் இருக்கும். கலப்பை இழுக்க இழுக்க அவை மண்ணைக் கவ்வும். ஜீப்பின் சின்னச் சக்கரங்கள் ஈர மண்ணில் சுழன்றுகொண்டே நிற்கும். மூன்றாவது, சூடு. ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்குக் காற்று தானாக வரும். ஓரிடத்தில் நின்று வேலை செய்யும்போது வராது.

வில்க்ஸ் குழுவினர் தாழ் கியரை ஜீப்பினும் தாழ்த்தினார்கள். எஞ்சினின் சுழற்சியை வண்டிக்கு வெளியே கொண்டுவரும் தண்டுகளை வண்டியின் நடுவிலும் பின்புறமும் அமைத்தார்கள். அதில் பெல்ட் மாட்டிக் கதிரடிக்கலாம், மரம் அறுக்கலாம், நீர் இறைக்கலாம். நின்று வேலை செய்பவர்க்கென்று எஞ்சின் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கவர்னரும், எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியும் தனியே கிடைத்தன. விளம்பரங்களில் வண்டி உழுதது, களமடித்தது, பற்றவைக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் தந்தது.

ஆனால் உண்மையில் நடந்தது வேறு. உழுவதற்கு இதை வாங்கியவர் குறைவு. உழவுக்கு ஃபெர்குசன் போன்ற சிறு டிராக்டர்களே மேல் என்று குடியானவர்கள் கண்டுகொண்டார்கள். கறவை மாட்டுப் பண்ணைக்கும் சந்தைக்கும் இடையே சேற்றில் ஓட, ஆட்டுக்குட்டியைத் தூக்கி வர, தீவனம் ஏற்ற என்றே லேண்ட் ரோவரை வாங்கினார்கள். தன் வண்டி எதற்குப் பயன்பட வேண்டும் என்று மாரிஸ் நினைத்தாரோ அதற்கு அல்லாமல், அவரது பண்ணையில் அந்த ஜீப் எதற்குப் பயன்பட்டதோ அதற்கே அது பயன்பட்டது.

எங்கள் தண்ணீர் வண்டி

என் கொள்ளுத்தாத்தா 1952 வாக்கில் சென்னையில் டிஸ்போசலில் வந்த ஜீப் ஒன்றை, ஒரு தரகர் மூலம் வாங்கினார். தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதலில் அவரும் இரும்புக் கலப்பையைக் கட்டித்தான் பார்த்தார். சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. பின்புறம் கல் ஏற்றினார். பின் அச்சுத் தண்டு முறிந்தது. அத்தோடு உழவை மாடுகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, பின் அச்சை மரக்கட்டைமேல் ஏற்றி, ஒரு சக்கரத்தைக் கழற்றி அங்கே இரண்டடி விட்டமுள்ள உருளையை முடுக்கினார். மறு சக்கரம் சுழலாமல் கட்டிவைத்தார். உருளையிலிருந்து தட்டைப் பெல்ட், பம்பின் எட்டங்குலக் கப்பிக்கு. நான் வகுப்பில் கற்ற கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜீப்பின் பின் அச்சில் 4.88க்கு 1 என்ற விகிதம். நேர் கியரில் எஞ்சின் 1,200 சுற்று என்றால் சக்கரங்கள் 246 சுற்று. ஒன்றைக் கட்டிவிட்டால் டிஃபரன்ஷியல் அதன் பங்கையும் மற்றதற்கே தந்துவிடும், எனவே 492. கப்பியில் அது மும்மடங்காகி ஏறத்தாழ 1,475. இன்று நம் வயல்களில் ஓடும் மின் பம்பு மோட்டார்களின் வேகமும் அதை ஒட்டியதே. பள்ளிக்கூடமே போகாத என் கொள்ளுத்தாத்தா இந்த எண்ணை எப்படித் தொட்டார்? காதால் என்றார் தாத்தா. பம்பு பாடும் பாட்டு மாறும்வரை உருளையை மாற்றிக்கொண்டே இருந்தாராம்.

டிஃபரன்ஷியலின் சிறு பல்சக்கரங்கள் வளைவில் திரும்பும்போது சற்றே சுழலப் படைக்கப்பட்டவை. நாளெல்லாம் சுழன்றால் தேயும். இரண்டு முறை தேய்ந்தன. வேலூரில் மிலிட்டரி வண்டிச் சாமான் விற்பவரிடம் வாங்கித் தாத்தாவே மாற்றினார். சூட்டுக்கு மருந்து கிணற்றிலேயே இருந்தது. இறைக்கும் நீரில் ஒரு சிறு கிளையைத் தகர டின் வழியாக ரேடியேட்டருக்குத் திருப்பிவிட்டார்கள். மின்சாரம் வரும்வரை அந்த வண்டிதான் நான்கு ஏக்கருக்குக் கரும்பும் நெல்லும் தந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கும் வாடகைக்கு இறைத்தார்கள்.

பிறகு 1980களில் கிணற்று நீர் நுரைத்தது. மேல்புறத்திலிருந்து தோல் கழிவுநீர் ஊறி வந்தது. முதலில் வெற்றிலைக்கொடி கருகியது, அடுத்துத் தென்னை. பாலாற்றுப் படுகை முழுவதும் இதே கதை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றி வழங்கிய தீர்ப்பு இந்திய நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. எங்கள் கிணறு அதனால் இனிக்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப்பேருக்குச் சோறு போடுவது அதே தோல்தான். என் அப்பாவும் காலணித் தொழிற்சாலைக்குத்தான் போகிறார். எனவே இதைப் பற்றி மேலே எழுத எனக்கு நா எழவில்லை.

மற்ற நாடுகளில்

போர் வண்டியைக் கழனிக்கு மாற்ற முயன்றவர்கள் வில்க்ஸும் என் கொள்ளுத்தாத்தாவும் மட்டுமல்லர். போருக்கு முன்பே சுவீடன் நாட்டுக் குடியானவர்கள் பழைய கார்களை வெட்டி டிராக்டராக்கினார்கள். அரசு 1940இல் அதற்கென்று விதியே வகுத்தது. வில்லிஸ் நிறுவனம் 1945இலேயே பண்ணைக்கென்று குடிமை ஜீப்பை வெளியிட்டது. பிரிட்டிஷ் அரசு தாங்கனீக்காவில் (இன்றைய தான்சானியா) நிலக்கடலை பயிரிடப் பெருந்திட்டம் போட்டபோது, விக்கர்ஸ் நிறுவனம் ஷெர்மன் டாங்கிகளை டிராக்டராக மாற்றிக் கொடுத்தது. ஆப்பிரிக்க மண் அவற்றை அரைத்துத் தின்றது. 1947இல் தொடங்கிய திட்டம் 1951இல் கைவிடப்பட்டது. ஓர் ஏக்கர் நிலமும் பார்க்காமல் அலுவலகத்தில் வகுத்த மாற்றத்துக்கும், மணலில் புதைந்து எழுந்தவன் செய்த மாற்றத்துக்கும் வேறுபாடு உண்டல்லவா?

நம் நாட்டில் விடுதலையை ஒட்டி மத்திய அரசு நிறுவிய மத்திய டிராக்டர் அமைப்பு, அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஏறத்தாழ 200 டிராக்டர்களைக் கொண்டுதான் பணி தொடங்கியது. நடு இந்தியாவில் காஸ் என்னும் புல் ஆழ வேரோடி, மாட்டு ஏருக்கு மசியாமல் பல லட்சம் ஏக்கரைத் தரிசாக்கியிருந்தது. அதை அடியோடு பெயர்க்க இவை உதவின. பழைய பொறிகள் அடிக்கடி முடங்கியதால் 1949இல் உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் பெற்றுப் புதியவை வாங்கினார்கள்.

மீண்டும் போருக்கு

இனி வில்க்ஸுக்கு வருவோம். இரண்டு மூன்று ஆண்டுக்கென்று தொடங்கிய வண்டி நிற்கவில்லை. விரைவிலேயே கார்களைவிட அதிகம் விற்றது. 1954இல் ஒரு லட்சமாவது வண்டி வெளிவந்தது. ஆப்பிரிக்கக் காடு, ஆஸ்திரேலியப் பாலை எங்கும் அது சென்றது. நம் டார்ஜிலிங் மலையில் தேயிலைத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்த லேண்ட் ரோவர்கள், மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ உச்சிவரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆளேற்றி ஓடின.

1949இலேயே பிரிட்டிஷ் இராணுவம் இதை வாங்கத் தொடங்கிவிட்டது. போர்க்கழிவிலிருந்து பிறந்து, உழவனுக்கென்று வளர்ந்த வண்டி, பச்சை வண்ணம்கூட மாறாமல் பாசறைக்குத் திரும்பியது. கொரியப் போரிலும் சென்றது. மாரிஸ் இதற்காக வருந்தினார் என்றோ மகிழ்ந்தார் என்றோ நான் படித்ததில்லை. அவர் அதிகம் பேசாதவர், மேடை ஏறாதவர்.

அவர் மனம் இன்னும் ஜெட் எஞ்சினைவிட்டு அகலவில்லை. கைநழுவிப் போன அந்தத் தொழிலைக் காருக்குக் கொண்டுவர முயன்றார். 1950 மார்ச்சில் ரோவர் நிறுவனம் ஜெட்-1 என்ற, வாயுச்சுழலி எஞ்சினால் ஓடும் உலகின் முதல் காரைக் காட்டியது. அது பெரும் வியப்பை விளைத்தது. ஆனால் எரிபொருளை அளவின்றிக் குடித்தது, விற்பனைக்கு வரவேயில்லை. பதின்மூன்று ஆண்டு அவர் நேசித்த வண்டி கடைக்கு வரவில்லை. இடைக்காலத்துக்கென்று செய்த வண்டி உலகை வலம் வந்தது.

1956இல் இணை நிர்வாக இயக்குநர், 1960இல் நிர்வாக இயக்குநர், 1962இல் தலைவர் எனப் பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1963 ஜூனில் ரோவரின் சுழலிக் கார், லே மான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தை முழுமையாக ஓடி முடித்தது. அதைக் கண்ட சில மாதங்களில், செப்டம்பர் 8ஆம் நாள், ஆங்கில்சிப் பண்ணையில் மாரிஸ் காலமானார். வயது 59. அவர் மேற்பார்வையில் உருவான ரோவர் 2000 கார் வெளிவந்தது அதற்கடுத்த மாதம். 1976இல் லேண்ட் ரோவர் பத்து லட்சத்தைத் தொட்டது. ரோவர் நிறுவனம் பல கை மாறியது. 1980களின் நடுவில் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் ரோவரின் கார் ஒன்றை ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் செய்து பார்த்து, சில ஆண்டுகளில் நிறுத்தியது. 2008இல் டாட்டா நிறுவனம் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்தே விலைக்கு வாங்கியது.

2024 செப்டம்பர் 28ஆம் நாள், நம் பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை மாவட்டத்தின் பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாட்டா நிறுவனத்தின் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளையும் அங்குச் செய்வது என்பது திட்டம். செய்தித்தாளை நான் படித்துக் காட்டியபோது தாத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அந்த வண்டியில் பெல்ட் மாட்ட இடம் இருக்கிறதா என்று. இல்லை என்றேன்.

கட்டணம் செலுத்தும் கடைசி நாளுக்கு முந்திய நாள், தாத்தாவே இரும்பு வியாபாரியைக் கூப்பிடச் சொன்னார். லாரி வரும் முன் நான் அப்பாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவுக்கு அளந்தேன். எழுபத்தொன்பதரை அங்குலம் காட்டியது. தாத்தா வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். நாடாவைத் தொய்யவிடாதே, இறுக்கிப் பிடி என்றார். இறுக்கிப் பிடித்தேன். எண்பது.